வைரவனுக்கு எவ்வளவு

விஸ்வலிங்கத்தைப் பற்றி எங்கள் வீட்டு வரிசையில் யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல அவர் இடமே கொடுக்கமாட்டார். பினாங்கு துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவர் வாசலில் செருப்புகள்கூட மூக்கு வெளிப்பக்கம் பார்த்து ஒரே கோட்டில் கிடக்கும். இப்படிப்பட்ட ஒழுங்கான மனிதர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். தப்புச் செய்தாலும் அதையும் ஒழுங்காகச் செய்வார்கள். வேளை தவறாமல், அளவு தவறாமல் செய்துகொண்டே போவார்கள்.

அவர் மனைவி நல்லம்மா நேர் எதிர். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; பரம்பரையாகச் சைவம், முட்டைகூட அந்த வீட்டுப் படி ஏறாது. ஆனால் நல்லம்மா சமைத்தால் அந்தச் சைவத்துக்கே எங்கள் வரிசை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். எதையும் அளந்து போடமாட்டாள். விஸ்வலிங்கம் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்திலேயே கரண்டியோடு நிற்பாள். "போதுமோ? இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டுக்கேட்டுப் போடுவாள். அவர் தலையாட்டினால் சரி, ஆட்டாவிட்டால் இன்னொரு கரண்டி. கலியாணமான நாளிலிருந்து அவருக்கு எது வேண்டும் என்று அவள்தான் கேட்டிருக்கிறாள். அவர் யாரையும் பார்த்துக் கேட்டதில்லை. கேட்கத் தேவை வரவில்லை.

பிள்ளைகள் இல்லை. வைரவன்தான் இருந்தான். மழைக்காலத்தில் சாக்கடையில் கத்திக்கொண்டு கிடந்த நாய்க்குட்டியை நல்லம்மா சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வைரவ சுவாமிக்கு நாய்தான் வாகனம், அதனால் அந்தப் பெயர். பருப்பும் சோறும் தயிரும் தின்று வளர்ந்த நாய். வெள்ளிக்கிழமைகளில் வைரவருக்குப் படைத்த வடையில் பங்கு கிடைக்கும். இறைச்சியின் வாசனைகூடத் தெரியாமல் ஆறேழு வயதாகிவிட்டது.

எண்பத்தாறாம் வருஷம் தைப்பூசம் கழிந்த வாரத்தில் நல்லம்மா அடுப்படியில் விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து முன்னறைக் கட்டிலில் படுத்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கவில்லை. உட்காரச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டாள். அவளை இந்தப் பக்கம் திருப்பியது வைரவன். கட்டிலுக்குக் கீழே வந்து படுத்துக்கொண்டு முனகினான். இடது கை மெல்லக் கீழே இறங்கி அவன் காதைத் தேடியது. அவனைப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு தன் கையாலேயே கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். விஸ்வலிங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாய் இருக்கும் வரைக்கும்தான் இவள் இருப்பாள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அதை அவர் வாயாலேயே என்னிடம் சொன்னார்.

அந்த நாய்க்குத்தான் நோய் வந்தது. வாலடியில் ஆரம்பித்து முதுகு முழுக்க முடி கொட்டியது. தோல் சிவந்து நீர் கசிந்தது. ஓயாமல் சொறிந்தான், கட்டில் கால் அவன் முழங்கால் பட்டுப்பட்டு ஆடும். நல்லம்மா அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணீர் விட்டாள். ஊசி போட்டார்கள், மருந்து தடவினார்கள், ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் அடுத்த வீட்டுத் தங்கராஜு, ஃபேக்டரிப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவன், நாயையும் அவரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஒரு மிருக டாக்டரிடம் கொண்டுபோனான்.

டாக்டர் சீனப் பெண்மணி. தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்ன தின்கிறான் என்று கேட்டாள். விஸ்வலிங்கம் பெருமையாகவே சொன்னார்.

"அங்கிள், இவனுக்கு அரிசியும் பருப்பும் ஒத்துக்கலை. அதான் நோய்" என்றாள் ஆங்கிலத்தில். இனி ஒரு பருக்கை சோறு கூடாது. கோழி இறைச்சி, எலும்போடு, பச்சையாக. வேகவைத்தால் எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாயின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதைக் காலையும் மாலையும் பிரித்துப் போட வேண்டும். முதல் சில நாள் கொஞ்சமாகத் தொடங்கி, பிறகு முழு அளவுக்கு ஏற்ற வேண்டும்.

"டாக்டர், நாங்கள் சைவம்."

"நீங்கள் சைவம், அங்கிள். நாய் இல்லையே."

ஒரு மாதத்தில் திரும்பக் கொண்டுவரச் சொன்னாள். அப்போதும் இப்படியே இருந்தால் அவனை வதைக்காமல் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுவதுதான் நல்லது என்றும் சொன்னாள். விஸ்வலிங்கம் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினார், பிறகு தனியாக ஏறினார், கழித்தார். மூன்று பங்கு என்பது அரைக் கிலோவும் சொச்சமும் என்று வந்தது. கணக்கு சரிதான். கணக்கில் அவர் பிசகவே மாட்டார்.

மறுநாள் ஜெலுத்தோங் பாசாரில், இத்தனை வருஷமாகத் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோன இறைச்சிப் பக்கத்துக்குள் நுழைந்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு அப்துல் ஹமீதின் கோழிக்கடை முன்னால் நின்று, "நாய்க்கு!" என்று சத்தமாகச் சொன்னார். கோயிலில் பார்க்கிற ஆட்கள் யாராவது நின்றிருந்தால் கேட்கட்டும் என்றுதான்.

நல்லம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தன் வீட்டுக்குள் இறைச்சி வந்ததென்று தெரிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? அவளுக்கு இப்போது எவ்வளவு புரிகிறது என்றும் அவருக்குத் தெரியவில்லை. பேசாதவர்களுக்குப் புரியாது என்று நினைப்பது எல்லாருக்கும் வசதியான நினைப்பு. பின்னால் துணி துவைக்கிற இடத்தில் தனிக் கத்தி, தனிப் பேசின். வெட்டிப் போட்டுவிட்டுக் குழாயடியில் தலை முழுகி, வேட்டி மாற்றி, திருநீறு பூசிக்கொண்டுதான் கட்டில் பக்கம் போவார். அவள் மூக்கைச் சுருக்கினால், "பக்கத்து வீட்டுச் சமையல்" என்பார்.

முதல் நாள் பதற்றத்தில், கொஞ்சமாகத் தொடங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார். பாதி அல்ல, முழு அளவையும் ஒரே வேளையில் போட்டுவிட்டார். வைரவன் மென்றானா விழுங்கினானா தெரியாது. சாயங்காலம் அத்தனையும் வாந்தியாக வந்தது. வயிறு உப்பி, கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தான். சாகக் கொடுத்துவிட்டோமே என்று வைரவரிடம் வேண்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் அரிசி அளக்கும் பால் டின்னைச் சுண்டு என்பார்கள். அவர் சமைக்கக் கற்றுக்கொண்டதே அந்தச் சுண்டை வைத்துத்தான். ஒரு சுண்டு அரிசி போட்டால் மூன்று சுண்டு சோறாகிறது. பச்சை அரிசியை அள்ளித் தின்கிற பிள்ளைக்கு அது உள்ளே போய் ஊதி வயிறு நோகும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். அப்படியானால் இறைச்சியும் பச்சையாகப் போகிறது, வயிற்றுச் சூட்டில் ஊதி மூன்று மடங்காகிறது, அதனால்தான் வாந்தி. டாக்டர் சொன்ன எடை, வயிற்றுக்குள் ஊதி முடிந்தபின் இருக்க வேண்டிய எடை! ஆகவே பச்சையாகப் போடுவது அதில் மூன்றில் ஒன்று.

இறைச்சி வெந்தால் சுருங்கும். எங்கள் வரிசையில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட அது தெரியும். வாழ்நாளில் ஒரு துண்டு கோழி சட்டியில் வேகுவதைப் பார்த்திராத மனிதருக்கு எப்படித் தெரியும்? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இறைச்சியைப் பற்றி வாய் திறக்கவே அவருக்கு வெட்கம்.

அடுத்த நாள் அவர் கேட்ட அளவைப் பார்த்து அப்துல் ஹமீது சிரித்துவிட்டார். "என்னங்க ஐயா, இவ்ளோதானா? நாய வித்துட்டுப் பூனை வாங்கிட்டீங்களா?"

விஸ்வலிங்கம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தார்.

நல்லம்மாவின் சாப்பாடும் சுண்டுக் கணக்குத்தான். லேசாகக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அரைச் சுண்டு அரிசியைக் குழையவிட்டு, பருப்புத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் கரண்டியோடு வைத்துவிட்டு, பின்னால் போவார். வைரவன் தன் பங்கை இரண்டே வாயில் முடித்துவிட்டு, பேசினை நக்கி, அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான். "ருசி கண்டிட்டாய், பேராசை" என்று அதட்டுவார். அவன் உள்ளே ஓடிவிடுவான். இவர் கழுவி, குளித்து, திருநீறு பூசி வருவதற்குள் நல்லம்மாவின் தட்டு துடைத்துவிட்டதுபோல் இருக்கும். கட்டிலுக்கடியில் வைரவன் படுத்திருப்பான்.

"நல்லம்மா இப்ப வடிவாச் சாப்பிடுறா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் வைரவன் தேறவில்லை. புண் ஆறுவதற்குப் பதிலாகக் கழுத்து வரைக்கும் ஏறியது. இடுப்பு ஒட்டியது. பாயின் ஓரத்தைக் கடித்துத் தின்றான். துவைக்கிற இடத்துச் சிமெண்டை நாக்கு சிவக்கச் சிவக்க நக்கினான். விஸ்வலிங்கம் கோயிலில் வைரவருக்கு வடைமாலை சாத்தினார், தினமும் விளக்கேற்றினார். சாமி சன்னிதியில் நிற்கும்போதும் கையில் கோழி நாற்றம் அடிக்கிறதோ என்று மோந்து பார்த்துக்கொள்வார். ஒருநாள் நல்லம்மாவின் இடது கை வளையல் தானாகக் கழன்று தரையில் உருண்டது. எடுத்து அலமாரியில் வைத்தார். நோயாளி, மெலிவு வரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனபோது அவள் முகம் மாறிவிட்டது.

"சோறு போடுறீங்களா?"

"ஒரு பருக்கை இல்லை, டாக்டர்."

"இறைச்சி எவ்வளவு?"

"நீங்கள் சொன்ன கணக்குப்படி."

பொய் சொல்லவில்லை, பாவம். அவர் நெஞ்சறிய அதுதான் உண்மை. அப்படியானால் உள்ளே வேறு பெரிய வியாதி இருக்க வேண்டும் என்றாள் டாக்டர். இன்னும் சில நாள் பாருங்கள், தேறாவிட்டால் கொண்டுவாருங்கள், இப்படி வைத்திருப்பது பாவம் என்றாள். வேனில் வரும் வழியெல்லாம் அவர் நாயை மடியில் போட்டுக்கொண்டு அழுதார் என்று தங்கராஜு சொன்னான். வேட்டியெல்லாம் புண்ணின் நீர்.

வீட்டில் இறக்கிவிட்டபோதுதான் வைரவனின் மீசையில் ஒட்டிக் காய்ந்த பருக்கை ஒன்று கண்ணில் பட்டது.

தங்கராஜுவின் மனைவி ருக்குமணிதான் தினமும் காலையில் வந்து நல்லம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுகிறவள். விஸ்வலிங்கம் அவள் மேல் பாய்ந்தார்.

"நீயோ சோறு போட்டது? என்ர நாயைக் கொல்லப் பாக்கிறியோ?"

"என்னங்க ஐயா இது! நான் ஏன் லா போடப் போறேன்? எங்க வீட்டுல நாங்க திங்கிறதுக்கே நேரமில்ல. கூலி வாங்காம வந்து செய்றேன், என்னையவே சொல்றீங்களே!"

"அப்ப ஆர் போட்டது? வானத்தில இருந்து விழுந்ததோ?"

ருக்குமணி கையிலிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். போகும்போது திரும்பி, "அக்காவப் பாருங்க மொதல்ல. தூக்குனா பஞ்சு மாதிரி இருக்காங்க. நாய் நாய்னு அலையுறீங்க" என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அது கேட்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் அழுதாள்.

அதற்குப் பிறகு நல்லம்மாவைக் குளிப்பாட்டுவதும் அவர் தலையில் விழுந்தது. ஈரத்துணியால் முகத்தையும் கையையும் துடைத்துவிட்டதோடு சரி, அதற்கு மேல் தொட அவருக்குக் கூச்சம். நாய் எழுந்து நிற்கவே தள்ளாடியது. கடைசியில் தங்கராஜுவிடம் போய், நாளைக்குக் காலையில் வேன் வேண்டும் என்றார். எதற்கு என்று தங்கராஜு கேட்கவில்லை. ஊசிக்கு என்று எல்லாருக்கும் தெரியும். நல்லம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று அன்று காலை முழுக்கக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சொல்லவில்லை.

மத்தியானம் வழக்கம்போல் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். வைரவனுக்கு அவன் பங்கைப் போட்டார். அவன் விழுங்கிவிட்டு உள்ளே போனான். குளிக்கக் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. அன்று மத்தியானத்திலிருந்து தண்ணீர் வெட்டு; கவலையில் பிடித்து வைக்க மறந்திருந்தார். இறைச்சி ஒட்டிய கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே வந்து அறை வாசலில் நின்றார்.

நல்லம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கரண்டி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. இடது கையால் சோற்றை அள்ளிக் கட்டிலுக்குக் கீழே இறக்கினாள். வைரவன் உள்ளங்கையிலிருந்தே தின்றான். அவள் இன்னொரு கை அள்ளினாள். அதுவும் அவனுக்கு. தட்டு காலியானது. பிறகு அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டாள்.

"நீரோ!" என்று அலறினார் விஸ்வலிங்கம். "நீரே அவனைக் கொல்லுறீர்? சோறுதான் அவனுக்கு விஷம், தெரியுமோ உமக்கு?"

அவள் திடுக்கிடவில்லை. கையை நீட்டி வாருங்கோ என்று கூப்பிட்டாள். அவர் தயங்கினார், குளிக்கவில்லை, கையெல்லாம் தீட்டு. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். முன்பெல்லாம் சோறு ஆறுகிறது வாருங்கோ என்று கூப்பிடுவாளே, அதே கை. அவர் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை வைரவனின் விலாவில் வைத்து அழுத்தினாள். எலும்பு எலும்பாக இருந்தது. இடையில் சதையே இல்லை. பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பட்டினி கிடக்கிறான், உங்களுக்குத் தெரியவில்லையா என்று அவள் கேட்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். டாக்டர் சொன்னது, பச்சை இறைச்சி, நூற்றுக்கு மூன்று பங்கு, முதல் நாள் வாந்தி எடுத்தது, சுண்டு அரிசி மூன்று சுண்டாவது, அதனால் இறைச்சியும் வயிற்றில் ஊதும் என்று மூன்றில் ஒன்றாகக் குறைத்தது, நாளைக் காலை வேன் வருவது. அவள் விழுந்த நாளிலிருந்து அவளிடம் அவர் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. நல்லம்மா கண் இமைக்காமல் கேட்டாள். ஊதும் என்ற இடம் வந்தபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து அவர் நிறுத்தினார். அவள் சிரித்தாள். பாதி வாயால், தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அது அழுகையாகிவிட்டிருந்தது.

பிறகு உள்ளங்கையை விரித்து, கொண்டுவாருங்கோ என்று காட்டினாள்.

சாயங்காலத்துக்கு வைத்திருந்த பங்கைப் பேசினோடு கொண்டுவந்தார். முட்டையைக்கூடத் தொட்டறியாத அந்தக் கை பேசினுக்குள் போயிற்று. ஒரு துண்டை எடுத்து வைரவன் முன்னால் வைத்தாள். அவன் தின்றுவிட்டுப் பார்த்தான். இன்னொன்று. பேசின் உடனே காலியாயிற்று. அதைக் கவிழ்த்து அவருக்குக் காட்டினாள். அவர் அப்படியே, அந்த அழுக்கு வேட்டியோடு பாசாருக்கு ஓடினார். அப்துல் ஹமீது கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஊதாதோ? உள்ளுக்குப் போய் ஊதாதோ?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் விஸ்வலிங்கம். என்ன கேட்கிறார் என்று புரிந்ததும் ஹமீது சிரிக்கவில்லை. "இல்லைங்க ஐயா. சுருங்கத்தான் செய்யும்" என்று சொல்லி, கேட்டதற்கு மேலே கழுத்தும் ஈரலும் அள்ளிப் போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

நல்லம்மாதான் போட்டாள். வைரவன் இன்னும் கேட்டான். ஓரிடத்தில் அவளே கையை விரித்து நிறுத்தினாள். இதற்கு மேல் இன்று வேண்டாம் என்றாள் கண்ணால். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, டாக்டர் சொன்ன எடைக்குக் கொண்டுவந்தது அவள் கைதான். வைரவனின் முடி திரும்ப வந்ததும், விஸ்வலிங்கம் ருக்குமணி வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டதும், அவள் உள்ளே கூப்பிடாமல் நிற்கவைத்தே மன்னித்ததும் பிறகு நடந்தவை.

அன்று தண்ணீர் வந்ததும் அவளுடைய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். அழுக்குத் தண்ணீரைக் கொட்ட எழுந்தவரை அவள் விடவில்லை. மணிக்கட்டை மறுபடியும் பிடித்துக்கொண்டாள். நாயை இன்னொரு தடவை காட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அவர் கையைக் கொண்டுபோய்த் தன் விலாவில் வைத்தாள்.

நாய்க்கு இருந்ததுபோலவே இருந்தது.

விஸ்வலிங்கம் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். அடுப்படிக்குப் போனார். அரிசிப் பானைக்குள் கிடந்த சுண்டை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அள்ளி உலையில் போட்டார். பருப்பு வேகவைத்தார். கத்தரிக்காய் இருந்தது, அதையும் வதக்கினார். தட்டில் போட்டுக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார்.

அவள் சாப்பிட்டாள். தட்டு காலியாயிற்று.

"போதுமோ?" என்று கேட்டார்.

நல்லம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

அவர் இன்னொரு கரண்டி போட்டார். அவள் அதையும் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றார். மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் இல்லை என்று தலையாட்டினாள்.